சாவா மூவாப் பேராடும் பொலிகடாவும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலை நோக்கிப் புறப்படும் ரயில், நெய்யாற்றின்கரையைக் கடந்து, தமிழ்நாட்டு எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்னே பாறசாலை என்னும் ஊரை அடைகிறது. பயணிகளுள் பெரும்பாலோர் அவ்வூரை எல்லைக்கு அடையாளமாகவே அறிவார்கள். மலையாளம் எங்கே முடிகிறது, தமிழ் எங்கே தொடங்குகிறது என்று எவராலும் கோடு கிழித்துக் காட்ட முடியாத இடம் அது. அவ்வூரில் கேரள அரசின் கால்நடைத் துறையைச் சேர்ந்த ஆட்டுப் பண்ணை ஒன்று இருக்கிறது. நல்ல இன வெள்ளாடுகளைப் பெருக்கி, குட்டிகளை வளர்ப்போருக்கு வழங்குவது அதன் பணி.

அந்தப் பண்ணையை முன்னிட்டு ஒரு பழைய வழக்கத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். தன் வீட்டு ஆட்டுக்குப் பருவம் வந்ததும், கடா வளர்க்கும் வேறொருவர் வீட்டுக்கு அதை ஓட்டிச் சென்று, அதற்கென ஒரு கூலியைக் கொடுத்துச் சினைப்படுத்தி வருவது கிராமத்தார் வழக்கம். தெற்கே இதனைக் 'கிடாவுக்கு விடுதல்' என்பார்கள். சில சமயம் கடாவையே சில வாரங்களுக்கு வாடகையாகப் பெற்று மந்தையில் விடுவதும் உண்டு. இது சபையிலே எடுத்துப் பேசத்தக்க பொருளா என்று நேயர்களுள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கல்லிலே வெட்டிய வரலாறும், கப்பலேறிய வரலாறும், சட்டசபையில் நிறைவேறிய வரலாறும் இந்தச் சிறு கூலியைச் சுற்றி நிற்கின்றன என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன்.

முதலில் கல்லைப் பார்ப்போம். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தொல்பொருள் துறை, 1910-ஆம் ஆண்டு முதல், தன் ஆட்சி எல்லைக்குட்பட்ட கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் திருவனந்தபுரத்தில் தொகுதி தொகுதியாக அச்சிட்டு வெளியிட்டது. அதனைத் தொடங்கி வைத்தவர் து. அ. கோபிநாத ராவ். அவருக்குப்பின் அப்பணியைத் தொடர்ந்தவர்கள் கே. வி. சுப்பிரமணிய ஐயரும் ஏ. எஸ். இராமநாத ஐயரும். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன்னர், நாஞ்சில் நாட்டுக் கோயில்களின் வட்டெழுத்தையும் தமிழெழுத்தையும் படித்துப் பதிப்பித்த பெருமை திருவனந்தபுரத்துக்கே உரியது.

கோயில்களுக்கு நந்தா விளக்கு எரிப்பதற்காக ஆடுகளை நிவந்தமாகக் கொடுத்த செய்தி நம் பழைய கல்வெட்டுகளில் எங்கு நோக்கினும் காணக் கிடைப்பது. கொடுத்தவர் பெயர், வாங்கிக்கொண்ட இடையர் பெயர், நாள்தோறும் அளக்க வேண்டிய நெய்யின் அளவு ஆகியவற்றோடு, 'சாவா மூவாப் பேராடு' என்னும் சொற்றொடரும் அங்கே தவறாது வரும். சாகாத, மூப்படையாத ஆடுகள் என்பது பொருள். பாண்டி நாட்டுக் கல்வெட்டுகள் பலவற்றில் ஒரு விளக்குக்கு 50 ஆடு எனக் காண்கிறோம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்து ஏற்பாடு ஒரு விளக்குக்கு 96 ஆடு. அவற்றுக்கு ஈடாக 48 பசுவோ 16 எருமையோ கொள்ளலாம். பெற்றுக்கொண்ட இடையன் நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும்.

சாகாத ஆடு உலகத்தில் எங்கே உண்டு? ஒன்று இறந்தால் அதன் குட்டி அதனிடத்தை நிரப்ப வேண்டும். இடையனிடம் ஒப்படைத்த எண்ணிக்கை என்றைக்கும் குறையலாகாது என்பதே உடன்படிக்கை. பொருளாதாரம் கற்றோர் இதனை முதலும் வட்டியும் என்று விளக்குவார்கள். ஆடு முதல், நெய் வட்டி. விளக்கம் சரியானதே. ஆனால் ஆட்டுப் பட்டியைக் கண்ணால் கண்டவர் வேறொன்றைக் கேட்பார். 96 பெட்டை ஆடுகளுக்குக் கடா எங்கே?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நன்றாக வளர்ந்த கடா ஒன்று முப்பது, நாற்பது பெட்டைகளுக்குப் போதும். ஆகவே 96-க்கு மூன்று கடாக்களேனும் வேண்டும். ஒரு பெட்டையாடு ஏறத்தாழ ஆறு ஆண்டு குட்டி ஈனும் என்று கொண்டால், ஆண்டுதோறும் 16 இளம் பெட்டைகள் பட்டிக்குள் புதிதாகச் சேர்ந்தால்தான் எண்ணிக்கை நிலைக்கும். நரியும் நோயும் கொண்டுபோவது தனி. அன்றியும், அந்தக் கடாக்கள் தம் மகள்மாரோடும் பேத்திமாரோடும் கூடாதிருக்க வேண்டுமானால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அவற்றை மாற்றியாக வேண்டும். அந்த மாற்றுக் கடா வேறொரு இடையன் பட்டியிலிருந்துதான் வர முடியும். இந்தக் கொடுக்கல் வாங்கலை எந்தக் கல்லும் நமக்குச் சொல்லவில்லை. கோயிலுக்கு வேண்டியது நெய். நெய் எப்படி வந்தது என்பது இடையன் பாடு. ஆயினும், கருவறையில் அணையாதிருந்த சுடர், பெயரெழுதப்படாத சில கடாக்களின் காலிலே நின்றது என்று நான் எண்ணுவதுண்டு.

பெயரில்லை என்று சொன்னேன். தமிழில் அவற்றுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. தொல்காப்பிய மரபியல், ஆட்டின் ஆண்பாலுக்கு மட்டும் மோத்தை, தகர், உதள், அப்பர் என்று நான்கு பெயர்களை வழங்குகிறது. பின்வாங்கிப் பாயும் தகரை உவமையாக வைத்துத் திருவள்ளுவர் காலம் அறிதலைப் பாடினார். இன்று அந்நான்கு சொற்களும் வழக்கொழிந்து, கடா, கிடா, கிடாய் என்பனவே நாவில் நிற்கின்றன. திருவனந்தபுரத்து மலையாளத்தில் 'முட்டனாடு' என்பார்கள். முட்டுகிறதனால் முட்டன், அழகான சொல்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். திருவனந்தபுரத்தில் கடா என்றால் வெள்ளாட்டுக் கடாவே. செம்மறி அங்கே அரிது. ஆண்டுக்கு 1,800 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும் ஈர மண்ணில் செம்மறிக்குக் குளம்பு அழுகும், குடற்புழு பெருகும். 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் வெள்ளாடுகள் 13 லட்சத்துக்கு மேல் இருந்தன. செம்மறியோ கணக்கில் காட்டுவதற்கே சொற்பம். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே சென்றால் நிலைமை தலைகீழ். திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் சீமைகளின் கரிசலும் தேரியும் செம்மறிக்கென்றே அமைந்தவை. கீழக்கரிசல், வெம்பூர் முதலிய செம்மறி இனங்களும், கன்னி ஆடு, கொடி ஆடு ஆகிய வெள்ளாட்டு இனங்களும் அந்த மண்ணில் உருவானவை.

அவற்றை உருவாக்கியவர் எந்தக் கலாசாலையிலும் பயின்றவர் அல்லர். குட்டிகள் ஈன்ற சில மாதங்களிலேயே, எந்த ஆண்குட்டியைப் பொலிக்கு நிறுத்துவது, எவற்றைக் காயடிப்பது, எவற்றை விற்பது என்று மூத்த இடையர் முடிவு செய்துவிடுவார். குட்டியை மட்டும் பார்த்து அன்று. தாய் வேளைதவறாது சினைப்பட்டதா, பால் தாராளமாகச் சுரந்ததா, கோடையில் நொடித்துப்போகாது நடந்ததா என்பதையெல்லாம் நினைவில் வைத்தே முடிவு. பின்னரே குட்டியின் மார்பகலம், கால் உறுதி, விதை இரண்டும் ஒத்து இறங்கியிருத்தல் ஆகியவற்றைப் பார்ப்பார். வயதைப் பல்லால் சொல்வார். பால்பல் விழுந்து முன்னே இரண்டு பெரும் பல் முளைத்தால் 'இரண்டு பல் கடா'. அதற்கு ஏறக்குறைய ஒன்றேகால், ஒன்றரை வயது. அதற்கு முன்னே இளங்கடாவுக்குப் பெட்டைகளை அளவோடு, பத்துப் பதினைந்துக்கு மேற்படாமல் விடுவது நல்லது. மிகுந்தால் உடல் தளர்ந்து வளர்ச்சி குன்றிப்போகும்.

அறுவடை முடிந்த வயல்களில் உரத்துக்காகக் கிடை போடும் காலத்தில் பல குடும்பத்து மந்தைகள் ஒன்றுசேரும். இராமநாதபுரத்திலிருந்து காவிரிப் படுகைக்குச் சென்ற மந்தைகளுக்குத் தலைமை தாங்கியவரைக் கீதாரி என்பர். அந்தச் சேர்க்கையில் ஒருவர் கடா மற்றவர் பெட்டைகளையும் சினைப்படுத்தும். வேலி கட்டி வாடகை வாங்கவும் இடமில்லை; வேண்டாம் என்று தடுக்கவும் இயலாது. ஆகவே அங்கே கடா, ஒருவகையில் பொதுச் சொத்து.

வேறொரு பொதுக் கடாவும் உண்டு. சுடலைமாடனுக்கோ இசக்கியம்மனுக்கோ நேர்ந்துவிட்ட கடா. நேர்ச்சைக்கு ஊனமற்ற, வாட்டசாட்டமான குட்டியைத்தான் தேர்வார்கள். தெய்வத்துக்கு உரியதாகையால் எவரும் அடிக்கமாட்டார். எந்தத் தோட்டத்தில் மேய்ந்தாலும் வைது அனுப்புவதோடு சரி. கொடைநாள் வரும்வரை அது ஊரைச் சுற்றி வரும். கூலியின்றி ஊர் ஆடுகளைச் சினைப்படுத்தும். பலியை விரும்பாதவர் பலர். அந்த வாதத்துள் நான் நுழையவில்லை. இனவிருத்தியின் நோக்கில் மட்டும் பார்த்தால், ஊரிலேயே மிகச் சிறந்த கடா தன் சந்ததியை விட்டுவிட்டே போயிற்று என்பது கவனிக்கத்தக்கது.

இதற்கு நேர்மாறாக நடப்பது சந்தையில். வியாபாரி தேடி வருவது எடை மிகுந்த ஆண்குட்டியை. நல்ல விலை அதற்குத்தான். பணமுடை உள்ள வீட்டார் அதனை முதலில் விற்பர். மெலிந்த குட்டி, விலை போகாமையால், வீட்டிலே தங்கும். தங்கியது வளர்ந்து தகப்பனாகும். தலைமுறை தோறும் சிறந்ததை அறுப்புக்கு அனுப்பி, இழிந்ததை இனத்துக்கு வைத்துக்கொள்ளும் இந்த விபரீதம், நம் நாட்டு ஆட்டினங்கள் சிறுத்துப்போனதற்கு ஒரு காரணம். இதைத் தடுக்க உபதேசம் பயன்படாது. நல்ல கடாவை விற்காமல் வைத்திருப்பவனுக்கு வரும்படி வேண்டும். அந்த வரும்படிதான் நான் தொடக்கத்தில் சொன்ன கூலி.

இந்த உண்மையைக் கண்டு, அதனையே பெருந்தொழிலாக்கியவர் ஓர் ஆங்கிலேயர். இராபர்ட் பேக்வெல் என்பது அவர் பெயர். லெஸ்டர்ஷயரில் டிஷ்லி என்னுமிடத்துக் குத்தகைப் பண்ணையில் 1725-ஆம் ஆண்டு பிறந்தவர். அக்காலத்து இங்கிலாந்தில் செம்மறி வளர்ப்போர் கடாவையும் பெட்டையையும் ஒரே வயலில் கலந்துவிட்டு, நடப்பது நடக்கட்டும் என்றிருந்தனர். பேக்வெல் அவற்றைப் பிரித்தார். எதனோடு எது சேர வேண்டுமென்பதைத் தாமே தீர்மானித்தார். தாம் விரும்பிய உடலமைப்பு நிலைக்கும்பொருட்டு நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்தார். அதனை அக்கம்பக்கத்தார் பாவம் என்று கருதினர். தம் வீட்டுக் கூடத்தில் சிறந்த ஆடுகளின் எலும்புக்கூடுகளையும், உப்புநீரில் இட்ட இறைச்சித் துண்டுகளையும் வைத்திருந்து, தலைமுறைக்குத் தலைமுறை எலும்பு மெலிந்ததையும் சதை மிகுந்ததையும் ஒப்பிட்டுப் பார்ப்பாராம்.

1760-ஆம் ஆண்டளவில் அவர் தம் கடாக்களை விற்காமல் ஒரு பருவத்துக்கு வாடகைக்கு விடத் தொடங்கினார். முதலில் கிடைத்த வாடகை ஒரு பவுனுக்கும் குறைவு. சந்தையில் நின்றவர்கள் சிரித்திருப்பார்கள். வாங்கினால் கடா சொந்தமாகும். வாடகைக்கு எடுத்தால் பருவம் முடிந்ததும் திரும்பக் கொடுக்க வேண்டும். இதற்கு எவன் பணம் தருவான்? ஆனால் பேக்வெல்லின் உள்ளக்கருத்து வேறு. ஒரே பருவத்தில் அவருடைய கடாக்கள் பல பண்ணைகளில், பல மண்ணில், பிறர் செலவில் குட்டிகளைத் தந்தன. அடுத்த ஆண்டு அவர் அப்பண்ணைகளைச் சுற்றி வந்து, எந்தக் கடாவின் குட்டிகள் சிறந்தன என்று கண்டறிந்தார். சிறந்த கடா இன்னமும் அவருடையதே. அதனை அழைத்துத் தம் பெட்டைகளோடு சேர்க்கலாம். விற்றிருந்தால், அதன் மேன்மை தெரியவருமுன் அது கசாப்புக் கடைக்குப் போயிருக்கும். தகப்பனைப் பிள்ளைகளைக் கொண்டு மதிப்பிடும் இம்முறையே இன்றைய கால்நடை விஞ்ஞானத்தின் அடித்தளம்.

அவர் வாழ்வு நேர்கோடாய் ஏறியதன்று. 1776-ஆம் ஆண்டில் அவர் கடனில் மூழ்கித் திவாலானார். மறுபடி எழுந்தார். 1783-இல் அவரைச் சுற்றி டிஷ்லி சங்கம் அமைந்தது. எவருக்கு விடுவது, எவ்வளவுக்கு விடுவது என்று அதன் அங்கத்தினர் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டனர். கடாக்களைச் சுருள்வில் வைத்த இருசக்கர வண்டிகளில், தூளி கட்டித் தொங்கவிட்டு, தொலைதூர ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்று அக்காலத்து எழுத்தாளர் வில்லியம் மார்ஷல் வருணிக்கிறார். 1789-ஆம் ஆண்டில் மூன்று கடாக்களுக்கு மட்டும் பேக்வெல் பெற்ற வாடகை 1,200 கினி எனச் சொல்லப்படுகிறது. ஒரு பவுனுக்கும் குறைவாகத் தொடங்கியது, முப்பது ஆண்டில் இந்நிலைக்கு வந்தது. 1795-இல் அவர் காலமானார். 1859-இல் டார்வின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலை வெளியிட்டபோது, பேக்வெல்லின் மந்தையிலிருந்து பிரிந்த இரண்டு மந்தைகள் ஐம்பது ஆண்டில் வெவ்வேறு இனம் போலத் தோன்றிய விந்தையை முதல் அத்தியாயத்திலேயே எடுத்துக்காட்டினார்.

ஆயினும் பேக்வெல்லைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. அவருடைய ஆட்டின் கொழுப்பை அடுத்த தலைமுறை விரும்பவில்லை. அவர் பெரிதும் பாடுபட்ட நீள்கொம்பு மாட்டினமும் விரைவில் செல்வாக்கிழந்தது. மேலும், நல்ல கடா பணமுள்ளவனுக்கே என்ற நிலை அவரோடுதான் உறுதிப்பட்டது.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். நல்ல பொலிகாளைகள் போதாமையை லின்லித்கோ பிரபு தலைமையிலான விவசாய ராயல் கமிஷன் 1928-இல் வெளியிட்ட அறிக்கையில் விரிவாக ஆராய்ந்தது. அதன்பின் சட்டங்கள் வந்தன. பம்பாய் மாகாணம் 1933-லும், சென்னை மாகாணம் 1940-லும் கால்நடை அபிவிருத்திச் சட்டங்களை இயற்றின. பொலிகாளை வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். இல்லாத காளைக்குக் காயடிக்க அதிகாரிகள் ஆணையிடலாம் என்பது அவற்றின் சாரம். கேரளம் மாநிலமாக உருவானபின் 1961-இல், திருவனந்தபுரத்துச் சட்டசபை இத்தகைய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது.

இதற்கிடையில் காளையே நேரில் வரத் தேவையில்லை என்ற நிலை தோன்றிவிட்டது. 1939-ஆம் ஆண்டு மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத் குமாரன் என்பவர் பசுக்களுக்குச் செயற்கை முறையில் கருவூட்டியதே இந்தியாவில் இம்முறையின் தொடக்கம். 1949-இல் இங்கிலாந்தில் போல்ஜும் அவர் தோழர்களும், கிளிசரினைச் சேர்த்தால் விந்து உறைநிலையிலும் உயிரோடிருக்கும் என்று கண்டுபிடித்தனர். 1963-இல் சுவிட்சர்லாந்தின் உதவியோடு மூணாற்றையடுத்த மாட்டுப்பட்டியில் இந்தோ-சுவிஸ் திட்டம் தொடங்கியது. அங்கே பிரௌன் சுவிஸ் காளைகளையும் நாட்டுப் பசுக்களையும் கலந்து உருவானதே சுனந்தினி என்னும் இனம். அத்திட்டத்தின் வழிவந்த கேரளக் கால்நடை அபிவிருத்தி வாரியத்தின் தலைமை அலுவலகம் திருவனந்தபுரத்தில், பட்டம் பகுதியில் இருக்கிறது.

பால் பெருகியதை மறுக்க முடியாது. தேநீர்க் கடை முதல் குழந்தையின் கிண்ணம் வரை அதன் பயனை மலையாள நாடு கண்டது. ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். வைக்கத்தை அடுத்த வெச்சூரில் தோன்றிய குள்ள மாட்டினம், உயரம் மூன்றடி கூட எட்டாதது. சிறிதே தின்று, வீட்டுக்குப் போதுமான பால் தருவது. லைசென்ஸ் பெற்ற அயல் இனக் காளைக்கே இடம் என்றானபின், அக்குள்ளக் காளைகள் விதை நசுக்கப்பட்டன. ஏர்க்காலுக்கோ அறுப்புக்கோ போயின. காளை போனபின் பசுவும் கலப்பினமாயிற்று. 1980-களில் அந்த இனம் அற்றுப்போயிற்று என்றே பலர் முடிவு கட்டினர். 1989-இல் திருச்சூர் மண்ணுத்தியில் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராய்த் தேடி, எஞ்சியிருந்த சிலவற்றைத் திரட்டி இனத்தைக் காப்பாற்றினார்கள். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒரு மாட்டினம் அழிவின் விளிம்புக்குச் செல்லப் பசுக்களைக் கொல்ல வேண்டியதில்லை. காளையை வைத்திருப்பவனுக்கு அது பயனற்றது என்றாக்கினால் போதும். அதற்கு முப்பது ஆண்டுகூட ஆகவில்லை.

அந்தச் சட்டங்களின் கண் காளையின் மேலேயே இருந்தது. ஆட்டுக்கடாவை எவரும் பொருட்படுத்தவில்லை. ஏழையின் பசு என்று பேர்பெற்ற பிராணி, பெரிய திட்டங்களின் வாசலில் வெகுகாலம் காத்து நின்றது. அந்த அலட்சியமே ஒருவகையில் அதற்குக் காப்பாகவும் ஆயிற்று என்று எனக்குப்படுகிறது. மலபாரி ஆடு, அரபுக் கப்பல்களோடு மேலைக் கரைக்கு வந்த கடாக்களும் உள்ளூர்ப் பெட்டைகளும் கலந்து உண்டானது என்பர். அதை உருவாக்க ஆணை பிறப்பித்தவர் ஒருவருமில்லை.

ஆகவே கரமனை ஆற்றங்கரையிலும் நேமத்திலும் நெய்யாற்றின்கரையிலும் ஓரிரண்டு ஆடு வளர்த்த வீட்டார் பழைய வழியையே பின்பற்றினர். பத்துச் சென்ட் புரையிடத்தில், பலாவிலையும் முருங்கைக் குழையும் போட்டு, ஒரு பெட்டையாட்டை வளர்க்கும் பெண்மணிக்குக் கடா ஒன்றைத் தனியே வளர்ப்பது கட்டாது. அது தின்னும், நாறும், முட்டும். ஆகவே ஊரில் யாரேனும் ஒருவர் மட்டும் கடா வைத்திருப்பார். அவர் வீட்டை வழிகேட்டு அறிய வேண்டியதில்லை. காற்று வந்து சொல்லும். ஆடு விடாமல் கத்தி, வாலை ஆட்டி, தீனியை மறந்து நின்றால் பருவம் வந்ததென்று பொருள். அந்த நிலை ஒன்றரை நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்விட வேண்டும். திருவிதாங்கூரின் பழைய சக்கர நாணயம் புழங்கிய நாளில் அந்தக் கூலி சக்கரக் கணக்கில் இருந்தது; பின்னே ரூபாயாயிற்று. பெண்கள் தம் கைப்பணத்திலிருந்தே அதைக் கொடுத்தனர். ஐந்து மாதம் கழித்துப் பிறக்கும் குட்டிகளுள் ஆண்குட்டி பள்ளிச் சம்பளத்துக்கும் வைத்தியச் செலவுக்கும் ஆனது. பெண்குட்டி வீட்டில் நின்றது.

இவ்வழக்கில் ஆபத்தும் இல்லாமல் இல்லை. பல வீட்டு ஆடுகள் ஒரு கடாவிடம் வந்துபோவதால், ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் பரவும். கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா நோய் மனிதரையும் பற்றக்கூடியது. ஆட்டுக்கொல்லி நோய் ஒரு பட்டியில் நுழைந்தால் பல குட்டிகளைக் கொண்டுபோகும். ஆகவே கடா வைத்திருப்பவர் அதனை மருத்துவரிடம் காட்டி, உரிய தடுப்பூசி போட்டு, வரும் ஆட்டையும் ஒருமுறை கண்ணால் பரிசோதித்துவிட்டே உள்ளே விடுவது நலம். ஒரே கடாவை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால், அதன் மகளே திரும்பி வரும் நாளும் வரும். அப்போது கடாவை வேறூர்க்காரரோடு மாற்றிக்கொள்ள வேண்டும். பாறசாலைப் பண்ணை போன்றவை பயன்படுவது இந்த இடத்திலேதான். அயல் இரத்தம் உள்ள நல்ல இளங்கடா அங்கே கிடைக்கிறது.

பாலக்காட்டையடுத்த தோணியில் வெள்ளாட்டின் விந்தையும் உறையவைத்து வழங்கும் ஏற்பாடு உண்டு. வெள்ளாட்டில் அம்முறை ஓரளவு பலிக்கிறது. செம்மறியில் இன்னும் சிரமம். செம்மறிப் பெட்டையின் கருப்பை வாய் பல மடிப்புகளோடு முறுக்கிக்கொண்டிருப்பதால், கருவி எளிதில் உட்செல்லாது. உறைந்த விந்தைக் கொண்டு சினைப்படுவது குறைவு. ஆகவே கரிசல் காட்டுக் கடாவுக்கு இன்றளவும் வேலை போகவில்லை.

இன்று தில்லியிலோ பம்பாயிலோ பெங்களூரிலோ அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்போருள், சிறுவயதில் பாட்டியோடு கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் சிலரேனும் இருப்பார்கள். எதற்குப் போகிறோம் என்று கேட்டதற்கு, 'ஆட்டுக்குச் சுகமில்லை' என்றோ, 'சம்பந்தக்காரர் வீட்டுக்கு' என்றோ பதில் கிடைத்திருக்கும். அவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கலாம். வெள்ளாட்டுக்கு மீண்டும் பருவம் வருவது இருபத்தொரு நாளில். கூலி கொடுத்துத் திரும்பிய ஆடு சினை நில்லாமல், அந்த நாளில் மறுபடி கத்தத் தொடங்கினால், கடாக்காரர் இரண்டாம் முறை கூலி வாங்குவதில்லை. அந்த உடன்படிக்கையை எவரும் கல்லில் வெட்டவில்லை, காகிதத்திலும் எழுதவில்லை. பாட்டி வாசற்படியில் ஆட்டோடு வந்து நின்றதும், கடாக்காரர் நாளை விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்க் கடாவை அவிழ்த்துவிடுவார்.